ரோமும் கேன்டர்பரியும்: கருத்து வேறுபாட்டுக்கு யார் விலை கொடுப்பது?

உலகக் கிறிஸ்தவத்தின் இரு முக்கியப் பீடங்கள் சில மாத இடைவெளியில் காலியாகி, 2025-இல் புதிய தலைவர்களைப் பெற்றன. ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸ் மறைந்தார். மே 7 அன்று 133 கர்தினால்கள் வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் சென்றார்கள். மறுநாள் மாலையே வெண்புகை எழுந்தது. சிகாகோவில் பிறந்து, பெரு நாட்டில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் பிரான்சிஸ் பிரெவோஸ்ட், பதினான்காம் லியோ என்ற பெயருடன் மாடத்தில் தோன்றினார். ஒரு போப்பின் மறைவுக்கும் அடுத்தவரின் வருகைக்கும் இடையே கழிந்தவை 17 நாட்கள்.

இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தது வேறு. கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, 2024 நவம்பர் 12 அன்று பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்தவர் சாரா முல்லாலி என்று அறிவிக்கப்பட்டது 2025 அக்டோபர் 3 அன்று. ஏறத்தாழ 11 மாதங்கள். அவரைத் தேர்ந்த குழுவில் வாக்குரிமை பெற்றவர்கள் 17 பேர். ஆயர்கள், குருக்கள், பொதுநிலையினர் மட்டுமன்றி, உலகின் ஐந்து பகுதிகளிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் பிரதிநிதிகளும் அதில் இருந்தார்கள். குழுவுக்குத் தலைமை வகித்தவர் பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5-இன் முன்னாள் தலைவர். தேர்ந்த பெயர் பிரதமர் வழியாக மன்னரிடம் சென்றது. அறிவிக்கப்பட்டவரோ இங்கிலாந்தின் தலைமைச் செவிலியர் அதிகாரியாக இருந்து குருத்துவத்துக்கு வந்தவர்; அப்பீடத்தின் நெடிய வரலாற்றில் முதல் பெண்.

இந்த இரு காட்சிகளையும் பார்ப்பவர்கள் வழக்கமாக ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: ரோம் முடியாட்சி, கேன்டர்பரி மக்களாட்சி, ஒன்று இறுக்கமான நம்பிக்கை, மற்றொன்று தளர்ந்த நம்பிக்கை. இந்தப் பிரிப்பு மேலோட்டமானது என்பது என் கருத்து. எந்தச் சமய அமைப்பிலும் கருத்து வேறுபாடு எழும். அது எழும்போது அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் இவ்விரு திருச்சபைகளும் அடிப்படையில் வேறுபடுகின்றன.

அதிகாரத்தின் இரு வடிவங்கள்

ஏறத்தாழ 140 கோடிக் கத்தோலிக்கர்களின் தலைவரான போப்புக்குத் திருச்சபைச் சட்டம் முழுமையான, உச்சமான, நேரடியான அதிகாரத்தை அளிக்கிறது. 1870-இல் முதலாம் வாடிகன் சங்கம் அறிவித்த ‘வழுவாவரம்’ பற்றியே வெளியே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகு அவ்வதிகாரம் முறைப்படி பயன்படுத்தப்பட்டது ஒரே ஒருமுறை. 1950-இல், மரியாளின் விண்ணேற்பைக் கோட்பாடாக அறிவிக்க. போப்பின் அன்றாட அதிகாரம் வேறொன்றில் இருக்கிறது. உலகெங்கும் உள்ள 5,000-க்கும் மேற்பட்ட கத்தோலிக்க ஆயர்களில் மிகப் பெரும்பாலோரை நியமிப்பவர் அவரே. பதினான்காம் லியோ, போப் ஆவதற்கு முன் இரண்டாண்டுகள் இந்த நியமனங்களைக் கவனிக்கும் வாடிகன் துறைக்குத்தான் தலைவராக இருந்தார்.

கேன்டர்பரி பேராயரோ, 42 தன்னாட்சித் திருச்சபைகளைக் கொண்ட ஆங்கிலிக்கன் கூட்டமைப்பில் ‘சமமானவர்களில் முதல்வர்’ மட்டுமே. அந்தத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் சுமார் 8.5 கோடிப் பேர். உலக ஆயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டுக்கு அழைப்பு அனுப்பலாம், அறிவுரை கூறலாம். நைஜீரியாவிலோ அமெரிக்காவிலோ உள்ள ஓர் ஆயரை நீக்க அவரால் இயலாது. இங்கிலாந்துக்குள்ளும் அவர் தன்னிச்சையாகச் செயல்பட முடியாது. ஆயர்கள், குருக்கள், பொதுநிலையினர் என மூன்று அவைகளைக் கொண்ட பொது மாமன்றம் ஒருபுறம், நாடாளுமன்றம் மறுபுறம். சட்டப்படி அத்திருச்சபையின் உச்ச ஆளுநர் மன்னர்.

இவ்விரு வடிவங்களும் இரு வேறு அச்சங்களிலிருந்து பிறந்தவை. எட்டாம் ஹென்றியின் மண விவகாரத்தில் தொடங்கி 1534-இல் ரோமிலிருந்து பிரிந்த இங்கிலாந்து, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் மக்களின் மனசாட்சியை ஆள்வதற்கு அஞ்சியது. அரசுகள் ஒவ்வொன்றாகத் தன் பிடியிலிருந்து நழுவுவதைக் கண்ட ரோம், திருச்சபை நாடுவாரியாகச் சிதறிப்போவதற்கு அஞ்சியது. முதல் அச்சம் அதிகாரத்தைப் பகிர்ந்தது. இரண்டாவது அச்சம் அதை ஒரே இடத்தில் குவித்தது.

நம்பிக்கையை அணுகும் விதம்

நம்பிக்கை குறித்த பார்வையும் இதற்கேற்ப அமைந்தது. கத்தோலிக்கருக்கு நம்பிக்கை என்பது திருத்தூதர்களிடமிருந்து கையளிக்கப்பட்ட ஒரு சொத்து. அதை வளர்க்கலாம், விளக்கலாம், மாற்ற முடியாது. அதைக் காக்கும் பொறுப்பு ஆயர்களுக்கும் போப்புக்கும் உரியது. ஆகவே எது கோட்பாடு, எது கோட்பாடு அன்று என்பதைத் தெளிவாக எழுதிவைப்பது அங்கே கடமையாகிறது. ஆங்கிலிக்கன் மரபிலும் 39 கோட்பாட்டு விதிகள் உண்டு. ஆனால் அம்மரபை உண்மையில் கட்டிக்காத்தது 1549-இல் முதன்முதலில் வெளிவந்து, 1662-இல் நிலைபெற்ற பொது வழிபாட்டு நூல்தான். ஒரே சொற்களால் சேர்ந்து வேண்டுகிறவர்கள், அச்சொற்களுக்குச் சற்றே மாறுபட்ட பொருள் கொண்டாலும் ஒரே குடும்பம் என்பது அதன் உள்ளார்ந்த எண்ணம். வேதம், மரபு, பகுத்தறிவு மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பார்கள் அவர்கள்.

இந்த வேறுபாடு எப்படி வெளிப்படும் என்பதற்கு மூன்று பேரை நினைவுகூரலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இறையியலாளர் ஹான்ஸ் கியூங், வழுவாவரத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். 1979 டிசம்பரில் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் உரிமையை ரோம் அவரிடமிருந்து பறித்தது. இலங்கையைச் சேர்ந்த துறவி திஸ்ஸ பாலசூரிய, மரியாளைப் பற்றிய தம் நூலில் பிறவிப் பாவம் உள்ளிட்ட கோட்பாடுகளை ஆசிய நோக்கில் மறுபரிசீலனை செய்தார். 1997 ஜனவரியில் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டியவர். ஓராண்டுக்குப் பிறகே அத்தடை நீங்கியது. இங்கிலாந்தில் டேவிட் ஜென்கின்ஸ், கன்னிப் பிறப்பையும் இயேசுவின் உடல் உயிர்த்தெழுந்ததையும் நேர்ப்பொருளில் கொள்ள வேண்டியதில்லை என்று தொலைக்காட்சியில் கூறினார். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் 1984 ஜூலை 6 அன்று யார்க் பேராலயத்தில் அவர் டர்ஹம் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மூன்று நாட்களில் அப்பேராலயம் தீப்பற்றியது. மின்னலே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. கடவுளின் தீர்ப்பு என்றார்கள் சிலர். ஜென்கின்ஸ் பத்தாண்டுகள் ஆயராகவே நீடித்தார்.

கத்தோலிக்க அமைப்பில் மாறுபட்டுச் சிந்திக்கும் தனிமனிதர் விலை கொடுக்கிறார். திருச்சபை ஒன்றாக நிற்கிறது. ஆங்கிலிக்கன் அமைப்பில் தனிமனிதர் தப்புகிறார். விலையை ஒற்றுமை கொடுக்கிறது.

ஒரே கேள்வி, இரு விடைகள்

பெண் குருத்துவம் குறித்த விவாதம் இதை ஐயமின்றிக் காட்டியது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மாமன்றம் 1992 நவம்பரில் மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் பெண் குருக்களுக்கு ஒப்புதல் அளித்தது. 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் குருக்களானார்கள். பத்து வாரங்கள் கழித்து, மே 22 அன்று, பெண்களைக் குருக்களாக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்றும், இது விவாதத்துக்கு அப்பாற்பட்டது என்றும் இரண்டாம் ஜான் பால் கடிதம் வெளியிட்டார். ஒரு பக்கம் வாக்கெடுப்பு. மறு பக்கம் வாய்ப்பூட்டு. ஆனால் வாக்கெடுப்பு நடந்த பக்கத்தில் நூற்றுக்கணக்கான குருக்கள் வெளியேறினார்கள். அவர்களில் பலர் ரோமில் சேர்ந்தார்கள். எஞ்சிய எதிர்ப்பாளர்களுக்கென்று தனி ஆயர்களை நியமித்து, ஒரே கூரையின்கீழ் இரு நம்பிக்கைகளை வாழவைக்கும் ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

2023 டிசம்பரில் இரு திருச்சபைகளும் மற்றொரு கேள்விக்கு ஏறக்குறைய ஒரே நாளில் விடை சொன்னது எதிர்பாராத பொருத்தம். தன்பாலின இணையருக்கான ஆசி வேண்டல்கள், இங்கிலாந்துத் திருச்சபையின் வழக்கமான வழிபாடுகளில் டிசம்பர் 17 முதல் பயன்பாட்டுக்கு வந்தன. மறுநாளே, அத்தகைய இணையருக்குக் குருக்கள் வழிபாட்டு வடிவமின்றி எளிய ஆசி வழங்கலாம் என்ற ஆவணத்தை வாடிகன் வெளியிட்டது. இரண்டும் திருமணம் குறித்த கோட்பாட்டை மாற்றவில்லை என்றே கூறின.

இரண்டுக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஆனால் எதிர்ப்பு சென்று முடிந்த இடங்கள் வேறு. காங்கோவின் கர்தினால் பிரிடோலின் அம்போங்கோ ரோமுக்குச் சென்று பேசினார். ஆப்பிரிக்காவில் அத்தகைய ஆசி வழங்கப்படாது என்ற அறிக்கை, போப்பின் இசைவுடனேயே 2024 ஜனவரியில் வெளிவந்தது. ஒரு கண்டமே மறுத்தும் யாரும் பிரிந்து செல்லவில்லை. ஆங்கிலிக்கன் தரப்பில், ஆசி வழங்கும் திட்டத்துக்கு மாமன்றம் இசைந்த 2023 பிப்ரவரியிலேயே உலகின் தென்பகுதித் திருச்சபைகள் பலவற்றின் தலைவர்கள், கேன்டர்பரி பேராயரைத் தங்கள் முதல்வராக இனி ஏற்பதற்கில்லை என்று அறிவித்துவிட்டார்கள். 2008-இல் உருவான ‘காஃப்கான்’ எனும் பழமைவாத அமைப்பு, முல்லாலி அறிவிக்கப்பட்ட இரண்டே வாரங்களில், 2025 அக்டோபர் 16 அன்று, கேன்டர்பரியை மையமாகக் கொண்ட கூட்டமைப்பை நிராகரித்துத் தன்னையே உண்மையான ஆங்கிலிக்கன் கூட்டமைப்பாக அறிவித்துக்கொண்டது.

ரோமின் ஒற்றுமை எப்போதும் கீழ்ப்படிதலால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபையில், பலிபூசையின்போது குரு எத்திசை நோக்கி நிற்பது என்ற பூசலில், எர்ணாகுளம்-அங்கமாலி மறைமாவட்டத்தினர் போப் பிரான்சிஸின் நேரடி வேண்டுகோளுக்கும் எளிதில் இணங்கவில்லை. மறுப்பவர்களும் வெளியே போக மனமின்றி உள்ளே நின்றே போராடுகிறார்கள் என்பதுதான் ரோமின் வலிமை.

பொறுப்புக்கூறலின் சோதனை

இதுவரை சொன்னவை கோட்பாடு சார்ந்தவை. தலைமையை உண்மையில் சோதித்தது சிறார் மீதான வன்கொடுமைகள்தான். ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர், கிறிஸ்தவ இளைஞர் முகாம்களில் 1970-களிலிருந்து இங்கிலாந்திலும் பின்னர் ஆப்பிரிக்காவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர்களையும் துன்புறுத்தினார். அவரைப் பற்றிய மேக்கின் அறிக்கை 2024 நவம்பர் 7 அன்று வெளியானது. 2013-இல் விவரம் மேல்மட்டத்துக்குத் தெரிந்தபோதே காவல்துறையிடம் முறைப்படி கொண்டுசென்றிருக்க வேண்டும் என்றது அது. ஸ்மித் விசாரணைக்கு உட்படாமலே 2018-இல் இறந்துவிட்டார். பாதிக்கப்பட்டவர்கள் பேசினார்கள், மாமன்ற உறுப்பினர்கள் மனு தொடங்கினார்கள், ஓர் ஆயரே வெளிப்படையாகப் பேராயர் விலக வேண்டும் என்றார். ஐந்தே நாட்களில் வெல்பி விலகினார்.

கத்தோலிக்கத் தரப்பில் சிலி நாட்டைப் பார்க்கலாம். வன்கொடுமையை மறைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஆயர் ஒருவரை, 2018 ஜனவரியில் அந்நாட்டுக்குச் சென்ற போப் பிரான்சிஸ் உறுதியாக ஆதரித்தார். எதிர்ப்பு வலுத்ததும் விசாரணைக்கு ஆள் அனுப்பினார். ஏப்ரலில், தாம் பெரும் தவறிழைத்துவிட்டதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்டவர்களை ரோமுக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டார். மே மாதத்தில் சிலியின் ஆயர்கள் அனைவரும் பதவி விலகல் கடிதம் அளித்தார்கள். அது அரிய பணிவு. ஆனால் அந்தத் திருத்தம் அவருடைய மனசாட்சியையே முழுதும் நம்பியிருந்தது. போப்பின் பீடம் எவராலும் தீர்ப்பிடப்படாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1404-ஆம் விதி. பிரான்சிஸ் மனம் மாறியிருக்காவிட்டால், அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை படைத்த அமைப்பு எதுவும் இல்லை.

இந்த ஒப்பீட்டில் ஆங்கிலிக்கன் முறையே மேல் என்று தோன்றலாம். நான் அவ்வளவு விரைவாக அம்முடிவுக்கு வரமாட்டேன். பேராயர் விலகியதோடு ஊடகங்களின் கவனம் ஓய்ந்தது. 2025 பிப்ரவரியில், புகார்களை விசாரிக்கும் பொறுப்பு முழுவதையும் சுதந்திரமான வெளி அமைப்பிடம் உடனே ஒப்படைக்கலாமா என்ற கேள்வி பொது மாமன்றத்தின் முன் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பலர் வேண்டியது அதைத்தான். மாமன்றமோ, பொறுப்பின் ஒரு பகுதியை மட்டும் வெளியே மாற்றும் அரைவழியைத் தேர்ந்தது. வாடிகனில், 2014-இல் அமைக்கப்பட்ட சிறார் பாதுகாப்பு ஆணையத்திலிருந்து, தாமே சிறுவயதில் பாதிக்கப்பட்டவரான மேரி காலின்ஸ் 2017-இல் விலகினார். வாடிகன் அதிகாரிகளின் ஒத்துழையாமையைக் காரணமாகச் சொன்னார். 2023-இல் அவ்வாணையத்தின் முக்கிய உறுப்பினரான ஹான்ஸ் சோல்னரும், வெளிப்படைத்தன்மை போதவில்லை என்று கூறி விலகினார்.

வாக்களிக்கும் அவையும் வாக்கெடுப்பே இல்லாத பீடமும், தீர்ப்பிடும் உரிமையை வெளியாரிடம் முழுமையாக ஒப்படைக்க வேண்டிய தருணத்தில் ஒரே மாதிரி தயங்கின. கருத்து வேறுபாட்டின் விலையை ரோமில் தனிமனிதரும், கேன்டர்பரியில் ஒற்றுமையும் கொடுக்கலாம். நிறுவனத்தின் நற்பெயர் ஆபத்துக்குள்ளாகும்போது, இரண்டிலும் அந்த விலையை ஏற்கெனவே காயப்பட்டவர்களே கொடுத்தார்கள்.

நம் மண்ணிலும் இரு முறைகள்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இவ்விவாதம் தொலைவில் நடப்பதன்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட பல மரபுகள் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, ஆங்கிலிக்கன் கூட்டமைப்பின் உறுப்பு. கத்தோலிக்கர் ‘ஆயர்’ என்றால் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர். தென்னிந்தியத் திருச்சபையினர் ‘ஆயர்’ என்றால் ஊர்ச்சபையின் போதகர். அவர்களுக்கு மறைமாவட்டத் தலைவர் ‘பேராயர்’. ஒரே தமிழ்ச்சொல், இரு படிநிலைகள்.

அப்பேராயரைத் தேர்வதில் மறைமாவட்டப் பேரவை வாக்களிக்கிறது. இங்கிலாந்து பெண் ஆயருக்கு வழிவிடும் முன்பே, 2013-இல், ஆந்திரத்தின் நந்தியாலில் புஷ்பலலிதாவைப் பேராயராக்கியது இத்திருச்சபை. அதே தேர்தல் முறை, சாதிக் கணக்குகளையும் பணபலம் குறித்த புகார்களையும் நீதிமன்ற வழக்குகளையும் கொண்டுவந்தது என்பதும் ஊரறிந்த செய்தி. கத்தோலிக்கரிடம் தேர்தல் பூசல் இல்லை. ஆனால் ஆயர் நியமனங்களில் தங்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்று தலித் கத்தோலிக்கர்கள் நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். ஹைதராபாத் பேராயர் பூலா அந்தோணி முதல் தலித் கர்தினாலாக உயர்த்தப்பட்டது 2022-இல்தான். வாக்குரிமை இல்லாத இடத்தில் அவர்களுக்குக் கிடைப்பது விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே.

ஒன்றிடமிருந்து மற்றொன்று

இரு தரப்பும் தத்தம் குறையை உணராமல் இல்லை. பிரான்சிஸ் 2021-இல் தொடங்கிய மாமன்றப் பயணம், பங்குகள்வரை சென்று மக்களின் கருத்தைக் கேட்டது. அதன் ஒரு கட்டமாக 2023-இல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். ஆங்கிலிக்கர்களோ, திருச்சபைகளை ஒன்றுக்கொன்று பொறுப்பாக்கும் உடன்படிக்கை ஒன்றை 2009-இல் உருவாக்கினார்கள். 2012-இல் இங்கிலாந்தின் மறைமாவட்டங்களில் பெரும்பான்மையே அதை நிராகரித்தது. ரோம் கேட்கக் கற்றுக்கொள்கிறது. முடிவெடுக்கும் உரிமையை இன்னும் பகிரவில்லை. கேன்டர்பரி முடிவெடுக்கிறது, அது எல்லோரையும் பிணைக்கும் வழியைக் கண்டறியவில்லை.

2025 அக்டோபர் 23 அன்று மன்னர் மூன்றாம் சார்லஸும் போப் பதினான்காம் லியோவும் சிஸ்டைன் சிற்றாலயத்தில் சேர்ந்து வழிபட்டார்கள். சமயப் பிளவுக்குப் பின் இங்கிலாந்தின் அரசரும் போப்பும் பொது வழிபாட்டில் இணைந்தது அதுவே முதன்முறை. ஆங்கிலிக்கன் குருத்துவம் செல்லாது என்று 1896-இல் பதின்மூன்றாம் லியோ அளித்த தீர்ப்பு இன்றும் திரும்பப் பெறப்படவில்லை. ஆகவே அந்த வழிபாட்டை இணைப்பின் தொடக்கமாகக் கொண்டாடுவது மிகை. வெறும் சடங்காக ஒதுக்குவதும் பொருந்தாது. ஐந்நூறு ஆண்டுப் பகை மரியாதையாக மாறியிருக்கிறது. அந்த மரியாதை, ஒன்றின் குறையை மற்றொன்றின் அனுபவத்தால் திருத்திக்கொள்ளும் துணிவாக வளர வேண்டும்.

அதன் முதற்படி கோட்பாட்டில் இல்லை. குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் அதிகாரத்தைத் தம்மால் நியமிக்கப்படாத, தம்மால் நீக்கப்பட முடியாத அமைப்புகளிடம் இருவரும் ஒப்படைக்க வேண்டும். இதற்கு எந்த வேத வசனத்தையும் மாற்ற வேண்டியதில்லை. எந்தக் கோட்பாட்டையும் கைவிட வேண்டியதில்லை. மக்கள் சமயத்தை விட்டு விலகுவதற்குக் கோட்பாட்டுச் சிக்கல்கள் ஒரு காரணமாக இருக்கலாம். தாம் நம்பி முறையிட்ட இடத்தில் கதவு சாத்தப்பட்டது அதைவிடப் பெரிய காரணம் என்றே நான் கருதுகிறேன். அந்தக் கதவைத் திறக்கும் பொறுப்பு, புதிதாகப் பீடம் ஏறிய இருவரிடமும் சம அளவில் இருக்கிறது.